பிட்ஸ்பர்க்கில் வீடு: விலையைப் பார்க்கும் முன் எல்லையைப் பாருங்கள்

நியூ ஜெர்சியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வேலை மாறி பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் வருகிறவர்கள் வீட்டு விளம்பரங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, இந்த விலை நிஜமா, இல்ல ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சா?"

நிஜம்தான். அமெரிக்காவில் விற்பனையாகும் வீடுகளின் நடுவிலை 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட காலத்தில், இங்கே 2 லட்சத்திலிருந்து 2.5 லட்சம் டாலருக்குள் மூன்று படுக்கையறை வீடு கிடைக்கிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. 1950-இல் இந்த நகரில் 6,76,000 பேருக்கு மேல் இருந்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3,03,000 பேர்தான் மிச்சம். ஆட்கள் போய்விட்டார்கள், அவர்கள் குடியிருந்த செங்கல் வீடுகள் அங்கேயே நின்றன. பிறகு மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் கணினி நிறுவனங்களும் வந்து ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனாலும் வீட்டுக்கு அடிதடி நடக்கும் அளவுக்கு ஆட்கள் இன்னும் திரும்பவில்லை.

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? கூடாது. விளம்பரத்தில் இருப்பது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கு வரி ரசீதிலும், வீடு நிற்கும் சரிவிலும், தரைக்கு அடியில் போகும் மண் குழாயிலும் இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து, எந்த வரிசையில் செய்தால் சிரமம் குறையுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: முகவரியை நம்பாதீர்கள்

கடித முகவரியில் "பிட்ஸ்பர்க்" என்று இருந்தால் வீடு பிட்ஸ்பர்க் நகருக்குள் இருப்பதாக அர்த்தமில்லை. புதிதாக வருகிற எல்லாரும் வழுக்குகிற இடம் இது. பிட்ஸ்பர்க் அடங்கிய அலகேனி கவுண்டிக்குள் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 130 தனித்தனி ஊராட்சிகள் இருக்கின்றன. நகரம், பரோ, டவுன்ஷிப் என்று பெயர்தான் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி போலீஸ் ஏற்பாடு, தனிக் குப்பை வண்டி. அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டங்கள் நாற்பதுக்கு மேல். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஓர் ஊர், எதிர்ப்பக்கம் வேறு ஊர் என்பதெல்லாம் இங்கே சாதாரணம்.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? பென்சில்வேனியாவில் மாநில வருமான வரி 3.07 சதவீதம். அதற்கு மேல் நீங்கள் குடியிருக்கும் ஊரும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து உங்கள் சம்பளத்தில் வரி எடுக்கும். பிட்ஸ்பர்க் நகருக்குள் குடியிருந்தால் அது 3 சதவீதம். சுற்றியுள்ள பெரும்பாலான ஊர்களில் 1 சதவீதம். 90,000 டாலர் சம்பளக்காரருக்கு நகருக்குள் 2,700 டாலர், எல்லை தாண்டினால் 900 டாலர். மாதத்துக்கு 150 டாலர் வித்தியாசம். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் அது ஒரு கார் தவணை.

அதற்காக நகரத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கார்னெகி மெலன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இருக்கும் ஓக்லாந்தில் வேலை என்றால், ஸ்குவிரல் ஹில், கிரீன்ஃபீல்ட், ஷேடிசைடு பகுதிகளில் இருந்துகொண்டு இரண்டாவது கார் இல்லாமலே ஓட்டிவிடலாம். கொடுக்கிற கூடுதல் வரி இரண்டாவது காரின் காப்பீட்டிலும் பார்க்கிங்கிலும் திரும்பி வந்துவிடும். இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எந்த வீட்டைப் பார்த்தாலும், கவுண்டியின் ரியல் எஸ்டேட் இணையதளத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். எந்த ஊராட்சி, எந்தப் பள்ளி மாவட்டம், வரிக்காகப் போட்ட அரசு மதிப்பு எவ்வளவு, போன முறை எவ்வளவுக்குக் கைமாறியது எல்லாம் இலவசமாகத் தெரியும். ஏஜென்ட் வாயிலிருந்து வருமுன் இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வேலைக்கு எந்தச் சுரங்கப்பாதை?

இது மூன்று ஆறுகளும் மலைகளும் பின்னிக் கிடக்கும் ஊர். 446 பாலங்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். வரைபடத்தில் நான்கு மைல் என்று இருப்பது நடுவில் ஒரு சுரங்கப்பாதை குறுக்கிட்டால் நாற்பது நிமிடம். ஸ்குவிரல் ஹில் சுரங்கத்தில் முன்னால் தடையே இருக்காது. ஆனாலும் வாயருகே எல்லாரும் பிரேக்கை மிதிப்பார்கள். ஏன் என்று நானும் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அலுவலகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீடு தேடுங்கள். நகர மையத்தில் வேலை என்றால் தெற்கே பீச்வியூ, டோர்மாண்ட், மவுண்ட் லெபனான் வழியாகப் போகும் "டி" ரயில் இருக்கிறது. அதில் பீச்வியூ நகருக்குள், மற்ற இரண்டும் தனி ஊர்கள். ஓக்லாந்துக்கு 61, 71 வரிசைப் பேருந்துகள். வடக்கே கிரான்பெரியில் வேலை என்றால் தெற்குப் பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள்; அது பக்கத்து பட்லர் கவுண்டி, நெடுஞ்சாலைப் பயணம். கிழக்கே மன்ரோவில் பக்கம் இருந்தால் பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில் அருகில்.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு வரி. எழுபதுகளில் குடமுழுக்கு ஆனது. அமெரிக்காவில் நம் முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. ஓஹாயோவிலிருந்தும் மேரிலாண்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கீழ்த்தளத்தில் புளியோதரை உண்டு. ஆனால் கோயிலுக்குப் பக்கம் என்பதற்காக வீடு எடுத்துவிட்டு, தினமும் காலையில் அந்தச் சுரங்கத்தில் நின்று பெருமாளை அழைப்பவர்களை எனக்குத் தெரியும். கோயிலுக்கு வாரம் ஒரு நாள், வேலைக்கு ஐந்து நாள்.

மூன்றாம் படி: ஒரு குளிர்காலம் வாடகையில்

வந்த உடனே வாங்காதீர்கள். ஒரு குளிர்காலமாவது வாடகை வீட்டில் கழியுங்கள். எந்தச் சரிவில் வண்டி ஏறும், எந்தச் சாலைக்குப் பனி உருக உப்புப் போடுகிறார்கள் என்பதெல்லாம் ஜனவரியில்தான் தெரியும். பீச்வியூவில் கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு, 37 சதவீதச் சரிவு. எல்லாத் தெருவும் அப்படியில்லை என்றாலும், அதன் பங்காளிகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

ஒரு படுக்கையறை அபார்ட்மென்டுக்கு 1,200 முதல் 1,600 டாலர் என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம். ஜிம்மும் மொட்டைமாடியும் வைத்த புதுக் கட்டடங்கள் அதற்கு மேலே போகும். ஓக்லாந்து மாணவர் பகுதியில் பெரும்பாலான லீஸ் ஆகஸ்டில் தொடங்கும். ஜூலைக் கடைசியில் அங்கே போனால் நடைபாதையெல்லாம் சோபாவும் மெத்தையும் குவிந்து கிடக்கும். அதிலிருந்து மேசை நாற்காலி எடுத்துக்கொள்ளலாம், மெத்தையும் சோபாவும் கூடவே கூடாது. மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டையே கொளுத்தத் தோன்றும்.

அமெரிக்காவுக்கே புதிது என்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர் இருக்காது. பெரிய நிர்வாக நிறுவனங்கள் அதைக் கேட்டு நிற்கும். வீட்டின் மாடியை வாடகைக்கு விடும் தனி உரிமையாளர்கள் வேலை நியமனக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் இருக்கிறதா என்று பலரும் பார்ப்பார்கள்.

டெபாசிட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். முதல் வருடம் இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. இரண்டாம் வருடம் முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காலி செய்த 30 நாளுக்குள், எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்ற பட்டியலோடு மீதியைத் தர வேண்டும். ஆனால் உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால்தான் இந்த உரிமையை முழுதாகக் கேட்க முடியும். சாவியைக் கொடுக்கும் நாளில் வாயால் சொன்னால் போதாது, ஒரு மின்னஞ்சலாவது தட்டிவிடுங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

லீஸில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஹீட் வாடகையில் சேர்த்தியா?" இல்லை என்றால், போன பிப்ரவரி மாத எரிவாயு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பழைய செங்கல் வீட்டில் உயரமான கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். பார்க்க அழகு, ரசீது வந்தால் அழுகை.

அப்புறம், வீட்டு வாசலில் ஒருவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து "உங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கிறேன், ரசீதைக் காட்டுங்கள்" என்பார். காட்டாதீர்கள். மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவருவது டுகேன் லைட்; ஆனால் உற்பத்தி செய்து விற்பவரை நாமே தேர்ந்தெடுக்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ரசீதில் உள்ள கணக்கு எண் கையில் கிடைத்தால் போதும், உங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று மாதம் குறைந்த விலை, அப்புறம் ஏறும். மாற்ற விருப்பம் இருந்தால் மாநில ஆணையம் நடத்தும் பிஏ பவர் ஸ்விட்ச் தளத்தில் நீங்களே ஒப்பிட்டு மாற்றலாம்.

நான்காம் படி: யாரும் சொல்லாத படிவம்

வேலையில் சேரும் நாளில் எந்த ஊராட்சியில் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். அவசரத்தில் "பிட்ஸ்பர்க்" என்று எழுதிவிட்டு, உண்மையில் ஸ்காட் டவுன்ஷிப்பில் குடியிருந்தால், 1 சதவீதத்துக்குப் பதில் 3 பிடிப்பார்கள். திரும்ப வாங்கலாம், அலைச்சல்தான். முதல் படியில் சொன்ன தளத்தைப் பார்த்துச் சரியான ஊரை எழுதுங்கள். வீடு மாறினால் படிவத்தையும் மாற்றுங்கள்.

ஏப்ரல் 15-க்குள் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்வோம் அல்லவா? இங்கே மூன்றாவதாக உள்ளூர்க் கணக்கு ஒன்று உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வரி மென்பொருள்கள் பல அதை மின்வழியாக அனுப்புவதில்லை. வேறு மாநிலத்து நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்றால் அநேகமாக யாரும் உங்கள் சம்பளத்தில் இதைப் பிடிக்கவே மாட்டார்கள். நீங்களாகவே காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது. தெரிவித்தது அபராதக் கடிதம்.

ஐந்தாம் படி: வாங்கும்போது தரைக்கு அடியில் பாருங்கள்

இங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறைக் கல் மேடையைத் தடவிப் பார்க்கிறார்கள். நேரே பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். அங்கே சுவரோ கதவோ இல்லாமல் நடுக்கூடத்தில் ஒரு கழிப்பறைக் கோப்பை தனியாக உட்கார்ந்திருக்கும்; பயப்பட வேண்டாம், அதற்கு "பிட்ஸ்பர்க் டாய்லெட்" என்றே பெயர். ஆலையிலிருந்து கரியோடு வந்தவர்கள் மேலே போகுமுன் கீழேயே கழுவிக்கொள்ள வைத்தது என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சுவரின் கீழ்ப்பகுதியை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மழைநீர் ஊறுகிறது. ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் வாங்கிய வீடு தொண்ணூறு வயது கடந்தது. விற்பதற்கு முன் "சாயச் சோதனை" தேறியது என்று காகிதம் கொடுத்தார்கள். கூரைக் குழாயில் சாயம் கலந்த நீரை ஊற்றி, அது சாக்கடையில் வருகிறதா என்று ஊராட்சி பார்க்கும் சோதனை இது. தேறிவிட்டதே, குழாய் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கவா என்று கேட்டபோது ஒரு சில நூறு டாலரை மிச்சம் பிடித்தேன். நவராத்திரிக்கு ஆட்கள் வந்த அன்று, மாடியில் சுண்டல் பாத்திரம் கழுவக் கழுவ, பேஸ்மென்ட் தரைத்துளையில் தண்ணீர் மேலே வந்தது. கடலையும் கறிவேப்பிலையும் மிதந்தன. குழாயைச் சரிசெய்ய வந்தவர் கேமராவை விட்டுக் காட்டினார்: சுட்ட மண் குழாய், இணைப்புக்கு இணைப்பு மரவேர், தலைமுடி மாதிரி. தெருவரை தோண்டி மாற்றியதில் போன பணத்துக்குப் புது சமையலறையே போட்டிருக்கலாம்.

மழைநீர் தவறான குழாய்க்குப் போகிறதா என்பதைத்தான் சாயச் சோதனை சொல்லும். குழாய் உடைந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குக் கேமராதான். வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை பொறுப்பு பொதுவாக வீட்டுக்காரருடையது.

கேமராவோடு இன்னும் சில. ரேடான் வாயு: மண்ணிலிருந்து கசிந்து பேஸ்மென்டில் தங்கும், மணமில்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். பென்சில்வேனியா வீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் இது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுக்கு மேல் இருப்பதாக மாநிலச் சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது. லிட்டருக்கு 4 பிகோகியூரி என்ற அளவைத் தாண்டினால் விசிறியும் குழாயும் வைத்து வெளியேற்ற வேண்டும். ஆயிரம் டாலர் அளவில் முடிகிற வேலை, விற்பவரிடமே கேட்டு வாங்கலாம். பழைய மின்கம்பி இன்னும் சுவருக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்கள் தெரிந்தால் காப்பீட்டு நிறுவனமே முகம் சுளிக்கும். 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயம் கலந்த வண்ணம் இருக்கலாம். கைக்குழந்தை இருந்தால் இதில் விளையாடாதீர்கள்.

அப்புறம் நிலக்கரி. இந்த ஊரின் அடியில் பல இடங்களில் பழைய சுரங்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவை சரிந்தால் மேலே வீடு பிளக்கும்; சாதாரண வீட்டுக் காப்பீடு அதற்கு ஒரு காசு தராது. மாநிலமே இதற்கென்று குறைந்த கட்டணத்தில் தனிக் காப்பீடு விற்கிறது. உங்கள் முகவரிக்கு அடியில் சுரங்கம் இருக்கிறதா என்றும் அவர்கள் தளத்தில் பார்க்கலாம். நிலச்சரிவுக்கு அதுவும் உதவாது. ஆகவே பின்பக்கம் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நின்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஆறாம் படி: விற்பவரின் சொத்து வரி உங்கள் சொத்து வரி அல்ல

சொத்து வரி மூன்று ரசீதாக வரும்: கவுண்டி, ஊராட்சி, பள்ளி மாவட்டம். பெரியது பள்ளிக்கூடத்துடையது. கவுண்டி தன் பங்கை 2025-இல் அரசு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 4.73-இலிருந்து 6.43 டாலராக ஏற்றியது.

இதில் ஒரு விசித்திரம். ஊர் முழுக்க வீடுகளை மறுமதிப்பீடு செய்தது கடைசியாக 2012-இல். அந்த மதிப்பின் மேல்தான் இன்றும் வரி. ஆனால் நீங்கள் வாங்கியதும், விலை அதிகமாக இருக்கிறதே என்று பள்ளி மாவட்டமோ ஊராட்சியோ உங்கள் வீட்டு மதிப்பை மட்டும் உயர்த்தச் சொல்லி முறையிடலாம். புதுசா வந்தவன் தலையில் விழும் வரி என்றே இதற்கு ஊரில் பெயர். முறையீடு நடந்தால், வாங்கிய விலையை ஒரு விகிதத்தால் பெருக்குவார்கள். அது இப்போது பாதியை ஒட்டி இருக்கிறது. ஆகவே 3 லட்சம் டாலர் வீட்டுக்கு அரசு மதிப்பு 90,000 என்று இருந்தால் மகிழாதீர்கள். அது 1,50,000 ஆகலாம் என்று கணக்குப் போட்டு, அதற்கான வரியைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். உங்கள் மதிப்பு ஏற்கெனவே பாதியைத் தாண்டியிருந்தால் நீங்களே முறையிட்டுக் குறைக்கலாம்.

குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. தானாக வராது, மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பத்திரச் செலவிலும் எல்லை வந்து நிற்கும். கைமாற்று வரி நகருக்குள் 5 சதவீதம், வெளியே பெரும்பாலும் 2. வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி. 2,50,000 டாலர் வீட்டுக்கு உங்கள் பங்கு நகருக்குள் 6,250, வெளியே 2,500. கையிலிருந்து போடும் முன்பணமான டவுன் பேமென்டை மட்டும் சேர்த்துவிட்டு இதை மறந்தவர்கள் கடைசி வாரத்தில் மாமனாருக்கு போன் போடுவார்கள்.

வாழ்க்கை எப்படி?

நன்றாக இருக்கிறது, சில குறைகளோடு. ஃப்ரிக் பார்க்கில் காட்டுக்குள் நடக்கலாம். 1895-இல் திறந்த கார்னெகி நூலகத்துக்குக் கட்டணம் கிடையாது. மளிகைக்கும் துணிக்கும் விற்பனை வரி இல்லை. பஸ் கட்டணம் 2.75 டாலர், மூன்று மணி நேரம் மாறி மாறி ஏறலாம். பல்கலைக்கழக அட்டை இருந்தால் அதுவும் இல்லை. ஸ்காட், கிரீன் ட்ரீ பக்கமும் மன்ரோவில் பக்கமும் நம் மளிகைக் கடைகள் உண்டு, முருங்கைக்காய்க்குப் பஞ்சமில்லை.

வெயிலுக்குத்தான் பஞ்சம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வானம் ஈயத் தகடு. சென்னையிலிருந்து வந்த என் மனைவி முதல் பிப்ரவரியில் ஜன்னலைப் பார்த்து, "சூரியனுக்கும் இங்க விசா கெடைக்கலையா?" என்றாள். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

காற்றும் கவனிக்க வேண்டியது. தெற்கே மொனாங்கஹேலா ஆற்றங்கரையில், நிலக்கரியைச் சுட்டு இரும்பாலைகளுக்கான கோக் எரிபொருள் செய்யும் கிளேர்டன் ஆலை இன்னும் ஓடுகிறது. காற்று அசையாத காலைகளில் அழுகிய முட்டை நாற்றம் ஊருக்குள்ளும் வரும். கார்னெகி மெலன் ஆய்வகம் உருவாக்கிய "ஸ்மெல் பிட்ஸ்பர்க்" என்ற செயலியில் எந்தப் பகுதியில் எப்போது நாறியது என்று பார்க்கலாம். வீட்டில் ஆஸ்துமா இருந்தால், பிடித்த வீட்டை மதியம் மட்டும் பார்க்காமல் ஒரு நாள் விடிகாலை ஆறு மணிக்கும் போய்த் தெருவில் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள்.

வண்டி இருந்தால், குடியேறிய 60 நாளுக்குள் பென்சில்வேனியா உரிமம், 20 நாளுக்குள் வண்டிப் பதிவு. சிக்னல் பச்சையானதும் எதிரே இருப்பவர் உங்களுக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்காதீர்கள். "பிட்ஸ்பர்க் லெஃப்ட்", ஊர் மரியாதை. பனி பெய்த மறுநாள் தெருவில் ஒரு காலியிடத்தில் பழைய மடக்கு நாற்காலி ஒன்று தனியாக நின்றால், யாரோ முதுகு ஒடியப் பனி வாரி எடுத்த இடம் அது. சட்டத்தில் அந்த நாற்காலிக்கு இடமில்லை. இருந்தாலும் அதை நகர்த்தாதீர்கள்.